அருமையின் வரலாறு: அப்பிள் ‘டுவிக்கி’ வட்டுச் செலுத்தியை இனங்காணலும் திருத்தலும்

கணனியின் வரலாறு என்ற பெயரில் எழுதப்படுவன பெரும்பாலும் விற்பனையில் வென்ற பொறிகளின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றன. தோற்ற பொறிகள் அவ்வரலாற்றில் வேடிக்கைக் கதைகளாக இடம்பெறுவதுண்டு. அல்லது தனிமனிதர் ஒருவரின் பிடிவாதத்துக்கோ தொலைநோக்குக்கோ சான்றாக எடுத்துக்காட்டப்படுவதுண்டு. அவை எவ்வாறு செய்யப்பட்டன, எத்தகைய உழைப்பு அவற்றுள் செறிந்திருந்தது, எக்காரணத்தால் மறைந்தன என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. இவ்வினாக்களை ஒரு சிறு கருவியை முன்வைத்து எழுப்பிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட லீசா என்னும் கணனியிற் பொருத்தப்பட்டிருந்த நெகிழ்வட்டுச் செலுத்தியே அக்கருவி. பேச்சு வழக்கில் ‘புளொப்பி டிரைவ்’ என நாம் கூறும் வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஓராண்டே விற்பனையிலிருந்த இச்செலுத்தி இன்று மிக அரிதாகவே காணக் கிடைக்கிறது. இயங்கும் நிலையிலுள்ளவை அதனினும் அரியன.

இச்செலுத்தி அரிதானமைக்குக் காலத்தின் அரிப்பு முதற் காரணமன்று. அதனைச் செய்த நிறுவனமே அதனைத் திரும்பப் பெற்று அகற்றியது. ஆகவே அதனை இனங்காண முற்படுவோரும் திருத்த முற்படுவோரும், தாம் விரும்பினும் விரும்பாவிடினும், அவ்வகற்றலின் வரலாற்றுக்குள் நுழைய வேண்டியவராகின்றனர். சுற்றுப் பலகையும் கிறீஸும் பற்றிய தொழில்நுட்பச் செய்திகள் ஒரு வரலாற்றுக் கட்டுரையில் இடம்பெறுவதற்கு நியாயம் இதுவேயாகும்.

நெகிழ்வட்டின் தோற்றம்

நெகிழ்வட்டு தனியாள் கணனிக்காகத் தோன்றியதன்று. 1967 இல் கலிபோர்ணியாவின் சான் ஹொசே நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில், பெருங்கணனிகளுக்கும் அவற்றின் கட்டுப்பாட்டு அலகுகளுக்கும் வேண்டிய நுண்கட்டளைகளை மலிவாக ஏற்றுவதற்கும் வாடிக்கையாளருக்கு அஞ்சலில் அனுப்புவதற்கும் ஏற்ற ஊடகமொன்றைத் தேடும் பணி தொடங்கிற்று. அப்பிரிவின் பொறுப்பாளராக அலன் ஷுகார்ட் இருந்தார். பணியை முன்னெடுத்தவர் டேவிட் நோபிள். வேறு பல ஊடகங்களைப் பரிசோதித்த பின்னர், இரும்பு ஒட்சைட்டுப் பூசிய மெல்லிய பொலியெஸ்தர் வட்டு தெரிவு செய்யப்பட்டது. தூசிதான் அவர்களுக்குப் பெரும் பகையாக இருந்தது. உட்புறத்தில் மென்மையான துணிபோன்ற படலம் ஒட்டிய உறையொன்றினுள் வட்டை நிரந்தரமாக அடைத்துவிட்டதே இதற்குக் கண்ட தீர்வு. வட்டு சுழலுந்தோறும் உறையே அதனைத் துடைக்கிறது. இவ்வளவு எளிய கருத்து இல்லாதிருப்பின் நெகிழ்வட்டு ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வந்திராது.

1971 இல் வெளிவந்த முதற் செலுத்தி 8 அங்குல வட்டை வாசிக்க மட்டுமே வல்லது. ஏறத்தாழ 80 கிலோபைற்றுக் கொள்ளளவுடையது. எழுதவும் வல்ல வடிவம் 1973 இல் ஐ.பி.எம். 3740 என்னும் தரவுப் பதிவுத் தொகுதியுடன் வந்தது. அலுவலகங்களில் துளையட்டைகளிற் செய்யப்பட்டு வந்த வேலையை அதுவே கைக்கொள்ளத் தொடங்கிற்று. அவ்வேலையைச் செய்தோரிற் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதும், புதிய ஊடகத்தின் வரவு அவர்களது வேலையின் தன்மையை மாற்றியது என்பதும் கருவிகளின் வரலாற்றிற் பேசப்படாத பக்கங்கள். அவை தனி ஆய்வுக்குரியன.

ஷுகார்ட்டின் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1976 இல் 5¼ அங்குல வட்டுக்குரிய செலுத்தியை 390 டொலர் விலையில் வெளியிட்டது. இதன் பொறியமைப்பை மாத்திரம், மின்சுற்றுகளிற் பலவற்றை நீக்கிய வடிவில் அப்பிள் வாங்கியது. சுற்றுகள் செய்த வேலையின் பெரும்பகுதியை மென்பொருளிடம் ஒப்படைத்து ஸ்டீவ் வொஸ்னியாக் அமைத்த ‘டிஸ்க் 2’ என்னும் செலுத்தி 1978 இல் வெளிவந்தது. மலிவான பொறியமைப்பு, மிகக் குறைந்த சுற்றுகள், கூர்மையான மென்பொருள் என்ற இச்சேர்க்கை அந்நிறுவனத்துக்குப் பெரும் இலாபத்தையும், அதனினும் பெரிய தன்னம்பிக்கையையும் அளித்தது. செலுத்தியின் பொறியமைப்பையும் தாமே செய்துகொள்ளலாம் என்ற துணிவு இதிலிருந்தே பிறந்தது எனக் கொள்ளலாம்.

மூன்று பெயர்கள் கொண்ட செலுத்தி

புதிய செலுத்திக்கு உள்வீட்டில் வழங்கிய பெயர் டுவிக்கி. 1960களில் மெலிந்த தோற்றத்துக்காகப் புகழ்பெற்ற ஆங்கில விளம்பர அழகியின் பெயர் அது. சந்தையில் அதற்கிட்ட பெயர் ஃபைல்வெயார். கொள்ளளவைக் குறிக்கும் 871 என்ற எண்ணாலும் அது சுட்டப்பட்டது. 5¼ அங்குல வட்டொன்றில் 871 கிலோபைற்று என்பது அக்காலத்தில் வியப்புக்குரிய அளவு. டிஸ்க் 2 செலுத்தியின் வட்டு 1980 இற்குப் பின்னரும் 140 கிலோபைற்றையே கொண்டது.

இவ்வளவு எவ்வாறு எட்டப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ளாமல் இச்செலுத்தியைத் திருத்த இயலாது. சாதாரண செலுத்தியில் வட்டு எப்போதும் ஒரே வேகத்திற் சுழலும். அதனால் வெளிப்புறத் தடம் நீளமானதாயினும் உட்புறத் தடத்தின் அளவு தரவையே தாங்கும். வெளிப்புறத்தில் இடம் வீணாகிறது. டுவிக்கியில் தலை வெளிப்புறம் செல்லச் செல்ல வட்டின் வேகம் குறைகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் 46 தடங்கள். மிக வெளிப்புறமான 4 தடங்களில் தடத்துக்கு 22 துண்டங்களும், மிக உட்புறமான 4 தடங்களில் 15 துண்டங்களும், இடைப்பட்டவற்றிற் படிப்படியாகக் குறையும் எண்ணிக்கையிலும் துண்டங்கள் அமைகின்றன. ஒரு பக்கத்துக்கு 851, இரு பக்கத்துக்கும் 1,702 துண்டங்கள். துண்டம் ஒன்றுக்கு 512 பைற்று எனக் கணக்கிடின் 8,71,424 பைற்று வரும். பெயரிலுள்ள எண் இங்கிருந்து வந்தது. ஒவ்வொரு துண்டத்துடனும் அது எக்கோப்புக்குரியது என்பதைக் கூறும் 12 பைற்றுக் குறிச்சீட்டொன்றும் எழுதப்பட்டது. வட்டின் அட்டவணை சிதைந்தாலும் குறிச்சீட்டுகளைக் கொண்டு கோப்புகளை மீளக் கோக்கலாம். தரவு அழிவை அஞ்சியோர் செய்த ஏற்பாடு இது.

தலைகளின் அமைப்போ இன்னும் விசித்திரமானது. ஒரு பக்கம் மட்டும் எழுதும் செலுத்தியில் தலைக்கு எதிரே சிறு கம்பளி மெத்தையொன்று வட்டை அழுத்திப் பிடிக்கும். இரு பக்கமும் எழுத வேண்டின் அம்மெத்தையின் இடத்தில் இரண்டாவது தலையை வைப்பது ஏனையோர் கண்ட வழி. ஆயின் இரு வன்தலைகளுக்கிடையில் நெரிபடும் வட்டின் பூச்சுத் தேயக்கூடும் என்ற அச்சம் தொடக்க காலத்தில் நியாயமானதாகவே இருந்தது. அப்பிளின் பொறியியலாளர் வேறு வழியை நாடினர். இரு தலைகளையும் சுழல் அச்சின் இரு மருங்கிலும் எதிரெதிராக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமுக்கு மெத்தை கொடுத்தனர். இரண்டையும் ஒரே நகர்த்தியே நகர்த்தியமையால் ஒரு தலை உள்நோக்கி வரும்போது மற்றையது வெளிநோக்கிச் செல்லும். இதற்கென வட்டுறையில் இரு வாசல்கள் வெட்டப்பட வேண்டியிருந்தது. இவ்வொரு முடிவினால் உலகில் எவரும் செய்யாத வட்டொன்று தேவைப்பட்டது. கடையில் வாங்கிய எவ்வட்டும் இதற்குப் பயன்படாது.

தலைகள் நெரிக்கும் பிரச்சினையை ஏனைய செலுத்தி உற்பத்தியாளர்கள் தலையமைப்பை நுண்மையாகச் சீர்செய்து தீர்த்தனர். அவர்களுள் ஒன்றான தாண்டன் நிறுவனத்தின் செலுத்திகளையே 1981 இன் ஐ.பி.எம். தனியாள் கணனி தாங்கிற்று. அந்நிறுவனம் பம்பாயின் சாந்தாகுரூஸ் ஏற்றுமதி வலயத்திலும் தொழிற்சாலை நடத்தியது. உலகளாவிய உழைப்புப் பிரிவினையின் மேல் எழுந்த செலுத்தித் தொழிலுக்கு எதிராக, தானே தனித்துச் செய்த செலுத்தியுடன் அப்பிள் களமிறங்கியது. டுவிக்கியின் தோல்வியை வடிவமைப்பின் தோல்வியாக மாத்திரம் காண்போர் இப்பின்னணியைக் காணத் தவறுகின்றனர்.

மீளப் பெறலும் அழிவும்

9,995 டொலர் விலையிட்ட லீசாவில் இச்செலுத்திகள் இரண்டு பொருத்தப்பட்டன. உற்பத்தியிலும் பாவனையிலும் அவை மிகுதியாகப் பழுதடைந்தன. அப்பிள் 2, அப்பிள் 3 ஆகிய கணனிகளுக்கென யூனிஃபைல், டுவோஃபைல் என்னும் பெயர்களில் அறிவிக்கப்பட்ட வடிவங்கள் சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டன. அக்காலத்தில் உருவாகிக்கொண்டிருந்த மக்கின்ரொஷ் கணனியும் ஒரு டுவிக்கிச் செலுத்தியை வைத்தே திட்டமிடப்பட்டிருந்தது. 1983 இல் அத்திட்டம் மாறிற்று. ஜப்பானின் சோனி நிறுவனத்தின் 3½ அங்குலச் செலுத்தியை எடுத்துக்கொள்வதா, அதனையொத்த செலுத்தியை அல்ப்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தாமே செய்வதா என்ற வினாவில் ஸ்டீவ் ஜொப்ஸ் பின்னையதையே பணித்தார். அவருக்குத் தெரியாமற் பொறியியலாளர் சிலர் சோனியுடனான வேலையைத் தொடர்ந்தனர். எதிர்பாராது ஜொப்ஸ் அறைக்குள் நுழைந்தபோது, வந்திருந்த சோனிப் பொறியியலாளர் ஒரு சிற்றறையினுள் ஒளிந்துகொள்ள நேர்ந்ததாக அக்குழுவைச் சேர்ந்த அண்டி ஹேர்ட்ஸ்ஃபெல்ட் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். கதை சிரிப்புக்கிடமானது. எனினும், முதலாளியின் ஆணையை மீறிய ஊழியரின் தொழிலறிவே அக்கணனியைக் காத்தது என்ற செய்தி அதனுள் அடங்கியுள்ளது. நிறுவனத்தின் புகழ்மாலைகளில் இச்செய்தி அவ்வளவாக ஒலிப்பதில்லை.

1984 ஜனவரியில் மக்கின்ரொஷும் லீசா 2 உம் சோனிச் செலுத்தியுடன் வெளிவந்தன. முதல் லீசாவை வாங்கியோருக்கு நிறுவனம் இலவச மாற்றீடொன்றை வழங்கிற்று. இரு டுவிக்கிச் செலுத்திகளையும் திருப்பிக் கொடுத்தால், ஒரு சோனிச் செலுத்தியும் புதிய முன்முகப்பும் அவற்றுக்கேற்ற நிலைநினைவகச் சில்லுகளும் கிடைத்தன. பழுதடையும் செலுத்தியை வைத்திருந்தோர் இதனை மகிழ்வுடன் ஏற்றதில் வியப்பில்லை. நுகர்வோர் நலன் என்ற நோக்கிற் பார்ப்பின் இது நேர்மையான செயலே என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் வரலாற்று நோக்கிற் பார்ப்பின், உலகிலிருந்த டுவிக்கிச் செலுத்திகளிற் பெரும்பாலானவை ஒரே வாயிலால் வெளியேறின. எஞ்சியவை மாற்றீட்டை ஏற்காத சிலரிடமும், உதிரிப்பாகக் களஞ்சியங்களிலும், முன்மாதிரிகளை வீட்டுக்கு எடுத்துச்சென்ற ஊழியரிடமும் தங்கியவை.

லீசாவின் முடிவும் இதனையொத்ததே. 1985 ஜனவரியில் மக்கின்ரொஷ் எக்ஸ்.எல். எனப் பெயர் மாற்றப்பட்டு, அவ்வாண்டு ஏப்ரிலில் அது கைவிடப்பட்டது. 1989 செப்டெம்பரில் யூட்டா மாநிலத்தின் லோகன் நகரக் குப்பைமேட்டில், விற்பனையாகாத ஏறத்தாழ 2,700 லீசாக்களை நிறுவனம் காவலாளர் பார்த்திருக்கப் புதைத்தது. வரிச்சலுகையே காரணமெனக் கூறப்பட்டது. அவற்றுள் டுவிக்கி பொருத்தியவை இருந்தன எனக் கொள்வதற்கு ஆதாரமில்லை. அவை பிந்திய வடிவங்களாயிருத்தலே இயல்பு. ஆயினும் ஒன்று தெளிவு. பயன்மதிப்பு குன்றாத பொறிகள், பரிமாற்றத்தில் இலாபம் தாராதபோது, மண்ணுக்குள் இருப்பதே கணக்கேட்டுக்கு இலாபமாயிற்று. இன்று அதே வகைப் பொறிகள் ஏலங்களிற் பல்லாயிரம் டொலர் விலைபோகின்றன. அருமையை உண்டாக்கிய சந்தையே பின்னர் அருமைக்கு விலையும் வைக்கிறது.

இனங்காணல்

விலை ஏறியவுடன் இனங்காணற் பிரச்சினையும் எழுகிறது. முதல் லீசாவும் லீசா 2/5 என்னும் பிந்திய வடிவமும் உள்ளுறுப்புகளிற் பெரிதும் ஒத்தவை. மாற்றீடு செய்யப்பட்ட பொறியை மீண்டும் முதல் லீசா போல் உருமாற்றுதலும் நிகழ்கிறது. எனவே முன்முகப்பை மட்டும் பார்த்து முடிவு கூறுதல் தவறு. முன்முகப்பு ஓர் ஏட்டின் மேலட்டை போன்றது. உள்ளே உள்ளது வேறு நூலாக இருத்தல் கூடும்.

இருவாசல் வட்டு நல்லதொரு சான்று. சாதாரண வட்டில் மையத் துளையின் ஒரு பக்கமே நீள்வட்ட வாசல் உண்டு. டுவிக்கி வட்டில் மையத்தின் இரு மருங்கிலும் உண்டு. செலுத்தியைத் திறந்தால், சுழல் அச்சின் இரு மருங்கிலும் தலைகளும் அவற்றுக்கு எதிரே மெத்தைகளும் இருத்தல் வேண்டும். வட்டை வெளியே எடுக்கக் கையால் இயக்கும் நெம்பு கிடையாது. பாவனையாளர் பொத்தானை அழுத்தி வேண்டுகோள் விடுக்க, மென்பொருள் தன் கோப்புகளை மூடிவிட்டே வட்டை விடுவிக்கும். செலுத்திக் கூண்டினுள் ‘லீசா லைட்’ எனப்படும் இணைப்புப் பலகை காணப்படின், அப்பொறி ஒரு காலத்திற் சோனிச் செலுத்தியைத் தாங்கியிருந்தது என்பது உறுதி.

செலுத்தி தனித்து நின்று எதனையும் சொல்வதில்லை என்பதை ஈண்டு வற்புறுத்தல் வேண்டும். வட்டு வேலைகளைக் கவனிப்பது லீசாவின் உள்ளீட்டு வெளியீட்டுப் பலகையிலுள்ள 6504 என்னும் நுண்செயலி. அதற்குரிய கட்டளைகள் அப்பலகையின் நிலைநினைவகத்தில் உள்ளன. மாற்றீட்டின்போது செலுத்தியோடு அச்சில்லும் மாற்றப்பட்டமையால், பழைய செலுத்தியைத் தேடிப் பிடித்துப் பிந்திய பலகையிற் பொருத்துவோர், நல்ல செலுத்தியைப் பழுதானதென எண்ணிவிடுகின்றனர். பொறியை இயக்கியதும் திரையில் தோன்றும் நிலைநினைவகப் பதிப்பெண்ணை முதலிற் குறித்துக்கொள்வதே முறை. செலுத்தி, வட்டு, பலகை, சில்லு என்பன ஒரே காலப் படிநிலையைச் சேர்ந்தனவா என ஒப்புநோக்கும் இம்முயற்சி, ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் பணிக்குத் தூரமானதன்று.

திருத்தல்

திருத்த வேலையில் முதலிற் செய்ய வேண்டியது எதனையும் செய்யாதிருத்தலே. பழைய செலுத்தி கிடைத்தவுடன் பழைய வட்டொன்றை இட்டுப் பார்க்கும் ஆவல் இயல்பானது. அதுவே மிகப் பெரிய அழிவையும் விளைக்கிறது. பல்லாண்டு கிடந்த வட்டிற் பூச்சைப் பிணைக்கும் பசை தளர்ந்திருக்கலாம், பூஞ்சணம் படர்ந்திருக்கலாம். தளர்ந்த பூச்சைத் தலை சுரண்டும்; சுரண்டிய துகள் தலையிற் படிந்து அடுத்த வட்டையும் கீறும். டுவிக்கியில் இவ்வபாயம் இரட்டிப்பாகும். மெத்தை அழுத்துவதும் தரவு எழுதப்பட்ட பரப்பையே ஆதலின், அழுக்கேறிய மெத்தை ஒன்று, தலை ஒரு பக்கத்தை வாசிக்கும்போதே மறுபக்கத்தை அழித்துவிடும். வட்டைக் காக்கவென்று வைக்கப்பட்ட மெத்தை நாற்பது ஆண்டுகளின் பின் வட்டின் பகையாகிறது.

தலைகளை ஐசோபுறோப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் மென்மையாகத் துடைத்தல், மெத்தைகளைப் பரிசோதித்து வேண்டின் மாற்றுதல், இறுகிப்போன கிறீஸை நகர்த்தியின் தண்டிலிருந்து முற்றாக அகற்றிப் புதிதிடல், மின்கொள்ளளவிகளை அளந்து பார்த்தல் ஆகியன எச்செலுத்திக்கும் பொதுவான வேலைகள். அவை பற்றி இங்கு விரிக்க வேண்டியதில்லை. டுவிக்கிக்குச் சிறப்பானது வேகச் சோதனை. ஏனைய செலுத்தியில் ஒரே வேகத்தைச் சரிபார்த்தால் போதும். இங்கு துண்ட எண்ணிக்கை 22 இலிருந்து 15 வரை மாறும் எட்டு வலயங்களுக்கும் எட்டு வேகங்கள் உண்டு. மிகக் குறைந்த வேகம் மிகக் கூடியதன் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. நடுவலயத்திற் செம்மையாக வாசிக்கும் செலுத்தி ஓரத்தில் தடுமாறுமாயின், தலையைக் குறை கூறுமுன் மோட்டாரைச் சோதித்தல் நலம்.

இவற்றையெல்லாம் விடக் கடினமானது தலையின் நேர்ப்படுத்தல். தொழிற்சாலையில் இதற்கெனச் சிறப்பாக எழுதப்பட்ட அளவு வட்டொன்றை இட்டு, தலை தரும் சைகையை அலைவுகாட்டியிற் பார்த்து, தலை தடத்தின் நடுவே நிற்கும்படி திருகாணியைத் திருப்புவர். இருவாசல் வட்டுக்கு அவ்வளவு வட்டு கிடைப்பது செலுத்தி கிடைப்பதினும் அரிது. ஆயின் நான் இங்கு கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது வேறொன்று. நேர் பிறழ்ந்த செலுத்தி தான் எழுதியதைத் தானே நன்றாக வாசிக்கும். பிற செலுத்திகள் எழுதியதையே வாசிக்க மாட்டாது. 1983 இல் ஒருவர் தம் பிறழ்ந்த செலுத்தியில் ஓராண்டுக் காலம் எழுதி வைத்த வட்டுகள் இன்று அச்செலுத்தியுடன் சேர்ந்தே நம் கைக்கு வருகின்றன எனக் கொள்வோம். செலுத்தியை அளவுக்கேற்ப நேர்ப்படுத்தினால் நிறுவனம் வெளியிட்ட வட்டுகள் வாசிக்கப்படும். அவர் எழுதியவை ஊமையாகிவிடும். நேர்ப்படுத்தாது விட்டால் அவர் எழுதியவை பேசும். நிறுவனத்தின் வட்டுகள் வாய் திறவா.

எதனை முதலில் வாசிப்பது? ஏல விற்பனையாளர் நிறுவனத்தின் வட்டு இயங்குவதையே விரும்புவர். இயங்கும் படம் விலையை ஏற்றும். வரலாற்று மாணவனுக்கோ, லீசாவை வாங்கிய ஒருவர் அதனைக் கொண்டு உண்மையில் என்ன செய்தார் என்பதே பெறுமதி வாய்ந்த சான்று. விளம்பரங்கள் அதனைக் கூறா. ஆதலால் திருகாணியைத் தொடுமுன், செலுத்தி இருந்த நிலையிலேயே அதனோடு வந்த வட்டுகளை வாசித்துவிட வேண்டும் என்பது என் துணிபு. துடைத்தலும் மெத்தை மாற்றலும் முன்னே, நேர்ப்படுத்தல் கடைசியில். தலை நின்ற இடத்தைக் கூரிய கோடொன்றால் முதலிலேயே குறித்து வைத்தால் பின்னர் அங்கு மீளவும் கூடும். திருத்தம் என்பது சான்றை மாற்றும் செயலுமாகும் என்பதைப் பல கைநூல்கள் சொல்லாது விடுகின்றன.

வாசிக்கும் முறையிலும் இன்று பெரும் மாற்றம் ஏற்பட்டுள்ளது. பொறியின் மென்பொருள் ‘இத்துண்டம் கெட்டது’ எனக் கூறி விட்டுவிடும் இடத்தில், தலையின் கீழ் நிகழும் காந்தப்பாய மாற்றங்களுக்கிடையிலான காலத்தை அவ்வாறே அளந்து பதிவு செய்யும் கருவிகள் உள. இப்பதிவை வைத்துக்கொண்டு, வட்டை மீண்டும் சுழற்றாமலே, பலமுறை பொருள்கொள்ள முயலலாம். முன் கூறிய 12 பைற்றுக் குறிச்சீட்டுகள் இவ்விடத்தில் மீண்டும் உதவுகின்றன. லீசாவின் மென்பொருள் முதன்முறை இயக்கப்படும்போது அப்பொறியின் தொடரெண்ணுடன் பிணைக்கப்பட்டு, பிற பொறியில் இயங்க மறுக்கும்படி செய்யப்பட்டிருந்தது என்பதையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். சொத்துரிமையைக் காக்கவென இடப்பட்ட பூட்டு, பொறி அழிந்த பின்னரும் வட்டைப் பூட்டியே வைத்திருக்கிறது.

யார் திருத்துகின்றனர்?

இவ்வேலையைச் செய்வோர் நிறுவனத்தார் அல்லர். ஓய்வுபெற்ற பொறியியலாளர், ஆர்வலர், நூதனசாலைத் தொண்டர் ஆகியோரே பெரும்பாலும் ஊதியமின்றி இதனைச் செய்கின்றனர். அழிந்ததென எண்ணப்பட்ட டுவிக்கி மக்கின்ரொஷ் முன்மாதிரிகள் இரண்டு 2013 இல் இத்தகையோரின் நீண்ட முயற்சியால் மீண்டும் இயங்கின; அவற்றைக் கலிபோர்ணியாவின் கணனி வரலாற்று நூதனசாலையில் ஆதிக்குழுவினர் பலர் கூடிப் பார்வையிட்டனர். பொறியைத் திருத்துவது ஒன்று. அதன் செலுத்திக்குப் பொருந்தும் அக்கால மென்பொருளைக் கொண்ட வட்டைத் தேடுவது மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு கைகளில் இருந்து வந்து சேரவேண்டியிருந்தன.

வரலாற்றாசிரியனுக்கு இதில் என்ன பயன் என வினவலாம். டுவிக்கியைப் பற்றிய வழக்கமான தீர்ப்பு, அது பிழையான பாதை என்பதே. இயங்கும் செலுத்தியைக் கண்டோர் அவ்வளவு எளிதாகத் தீர்ப்பளிக்க மாட்டார். மக்கின்ரொஷில் வந்த 400 கிலோபைற்றுச் சோனிச் செலுத்தியை எடுத்துக்கொள்க. அதன் 80 தடங்களும் பதினாறு பதினாறாக ஐந்து வலயங்களாகப் பிரிந்து, தடத்துக்கு 12 இலிருந்து 8 வரை துண்டங்களைத் தாங்கின; வேகமும் அதற்கேற்ப மாறிற்று. மென்பொருளே வட்டை வெளித்தள்ளிற்று. குறிச்சீட்டு முறையும் தொடர்ந்தது. சோனியின் சொந்த வடிவத்தில் வேகம் மாறுவதில்லை. இவை டுவிக்கியிலிருந்து சென்றவை. எதிரெதிர்த் தலைகளும் இருவாசல் வட்டுமே கைவிடப்பட்டன. தோற்ற கருவியின் உழைப்பு வென்ற கருவியினுள் பெயரின்றிக் கலந்தது எனின் மிகையாகாது.

2023 ஜனவரியில், அப்பிளின் அனுமதியுடன், அதே நூதனசாலை லீசா மென்பொருளின் மூலநிரலைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டது. ஆய்வாளருக்கு இது பெருஞ் செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அது 3.1 ஆம் பதிப்பு, அதாவது சோனிக் காலத்துப் பதிப்பு. 1983 இல் 9,995 டொலர் கொடுத்தவர் தம் மேசையிற் கண்ட முதற் பதிப்பு வெளிவந்த ஊடகம் இருவாசல் வட்டே. அப்பதிப்பில் எவை இருந்தன, எவை இல்லை, ஓராண்டுக்குள் எவை மாற்றப்பட்டன என்பதை ஒப்புநோக்க விரும்புவோர், இன்றும் மெத்தை தேய்ந்த ஒரு செலுத்தியின் முன் பஞ்சும் அற்ககோலுமாக அமர்ந்தே தொடங்க வேண்டியுள்ளது.